நின்னவங்கன்னா மூணு ஆள்

மூன்று பக்கம் அணைத்தண்ணீரும் நாலாவது பக்கம் பாறைக் கரடுமாகக் கிடக்கிற எங்கள் மூங்கில்திட்டில், பால்வாடி டீச்சர் மாதம்மாளுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு மாசி மாதத்தில், மாதவிலக்கு நின்றுபோனது. நின்ற மறு வாரத்திலிருந்து எடை கூட ஆரம்பித்தது. வாரத்துக்கு ஐந்து கிலோ, தவறாமல், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் கூடியது. உடம்பு கூடவில்லை. போட்டிருந்த ஜாக்கெட் அப்படியே பொருந்தியது, வளையல் அப்படியே ஏறி இறங்கியது, முந்தானையைச் செருகினால் இடுப்பில் அதே இடத்தில் நின்றது, எடை மட்டும் எங்கிருந்தோ வந்து அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது. எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வந்ததை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

முதலில் அவளுக்கே அது தெரியாது. திங்கட்கிழமைதோறும் கர்ப்பிணிகளை எடை போடுவதற்கு முன்னால், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளே ஒரு தரம் ஏறி நிற்பாள். பதினெட்டு வருஷமாக அவள் அறுபத்தொரு கிலோ, கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை. ஆகவே அறுபத்தாறு என்று காட்டியதும் மெஷின்தான் ஐந்து கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, எல்லாக் கர்ப்பிணிகளின் எடையிலும் ஐந்தைக் கழித்து நோட்டில் எழுதினாள். அடுத்த வாரம் பத்தைக் கழித்தாள், அதற்கடுத்த வாரம் பதினைந்தைக் கழித்தாள், கழித்ததோடு நிற்காமல், நாலு மாசக் கர்ப்பமாக இருந்த தன் மகள் கௌசல்யா இப்படி இளைத்துப்போகிறாளே என்று பதறி அவள் வாயில் முட்டையாகத் திணித்தாள். நாலாவது வாரம் நோட்டைப் பார்த்த நர்சம்மா ஜெசிந்தா, மூங்கில்திட்டுக் கர்ப்பிணிகள் எல்லாம் பட்டினியில் சாகக் கிடக்கிறார்கள் என்று அடித்துப் பிடித்துப் பரிசல் ஏறி வந்துவிட்டாள்.

வந்தவள் மெஷின்மேல் ஐந்து கிலோ சத்துமாவு மூட்டையை வைத்தாள், ஐந்து காட்டியது. மூட்டையை இறக்கிவிட்டு மாதம்மாளை ஏறச் சொன்னாள், எண்பத்தொன்று காட்டியது.

"மெஷினு நல்லாத்தாங்க்கா இருக்குது. நீங்கதான் கூடியிருக்கீங்க," என்றாள் நர்சம்மா. தனியாகக் கூட்டிப்போய், தள்ளிப்போனது எப்போது, நின்றது எப்போது, ராத்திரி வேர்க்கிறதா என்றெல்லாம் விசாரித்தாள். "இந்த வயசுல எடை கூடறது சகஜந்தான். சோத்தைக் குறைங்க, பயறு முட்டைன்னு கூட்டிக்குங்க, இனிப்பு வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் நடங்க. நடந்தா மட்டும் பத்தாது, கொடம் கிடம் எதையாச்சும் தூக்கி இறக்குங்க. நல்லாத் தூங்குங்க."

"எவ்வளவு கூடும்?"

"எங்க பொஸ்தகத்துல அஞ்சாறு கிலோன்னு போட்டிருக்குது."

"எனக்கு இருவது கூடிருச்சே."

நர்சம்மா சத்துமாவு மூட்டையை இன்னொரு தரம் மெஷின்மேல் தூக்கி வைத்தாள், ஐந்துதான் காட்டியது. "நடங்க," என்றாள் மறுபடியும்.

மாதம்மாள் நடந்தாள், விடிவதற்கு முன் கரட்டடிவரை போய்த் திரும்பினாள், சோற்றை ஒரு கரண்டியாக்கிப் பச்சைப்பயறும் கீரையும் தின்றாள், காபியில் சர்க்கரையை விட்டாள், நிறைகுடத்தை இருபது தரம் தூக்கி இருபது தரம் இறக்கினாள், சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் படுத்தாள். அதற்குப் பலன் இல்லாமல் இல்லை; இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது, மூட்டுவலி விட்டது, முகம் தெளிந்தது. எடை பங்குனி முடிய நூறைத் தொட்டது. கயிற்றுக்கட்டில் அறுந்தது, மொபெட்டின் பின்சக்கரம் கோணிக்கொண்டது, காலையில் வரும் பஸ்ஸில் அவள் ஏறிய மறுநாளே ஸ்பிரிங் பட்டை ஒடிந்துபோக, கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு இனிமேல் வரவேண்டாம் என்றார். பால்வாடியில் மத்தியானம் பிள்ளைகள் படுத்துத் தூங்கும்போது அவள் சுவரோரமாகவே நடந்தாள். தெரியாமல் ஒரு கைவிரலை மிதித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, இது எங்க போயி நிக்கும்?" என்று புருஷன் சித்தையனைக் கேட்டாள். "நான் செத்தா என்னைய யாரு தூக்குவாங்க?"

சித்தையன் அணையில் மீன் பிடிக்கிறவர், நல்ல மனுஷர், நேரம் பார்த்துப் பேசத் தெரியாதவர். "பொக்லைன் வெச்சித்தான் தூக்கோணும்," என்று சிரித்தார். அவள் அழுததைப் பார்த்து அவருக்கும் பயம் வந்துவிட்டது. அன்று மீனுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

ஊரில் வேறு மாதிரி பேச்சு ஓடியது. கிளப்பியவள் சித்தையனின் அக்கா பச்சியம்மாள். கௌசல்யாவை அவள் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது, ஆகையால் மாதம்மாளுக்கு அவள் நாத்தனார், கௌசல்யாவுக்கு அத்தையும் மாமியாரும். மாசக்கணக்கில் தலைக்கு ஊற்றவில்லை, எடை கூடிக்கொண்டே போகிறது, இதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். "மாதம்மா முழுகாம இருக்கறா," என்றாள் பச்சியம்மாள் குழாயடியில். மகளும் தாயும் ஒன்றாக மசக்கையா என்று நாங்கள் ஒரு பத்து நாள் நன்றாகச் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது வைகாசி முகூர்த்தத்தன்று. அக்கரைக் கல்யாணத்துக்கு எட்டுப் பேர் ஏறிய பரிசல், எட்டுப் பேர் எப்போதும் ஏறுகிற அதே பரிசல், துறையை விட்டு இருபதடி போவதற்குள் விளிம்போடு அமிழ்ந்தது. ஏழு பேர் தத்தளித்துக் கரையேறினார்கள். எட்டாவது ஆள் கன்னியம்மாள், ஐம்பது வயது, பட்டுச்சேலையோடு உள்ளே போனவள் மேலே வரவே இல்லை. கூட்டம் கதறிக்கொண்டிருந்தபோது துறைக்குப் பக்கத்தில் முதலில் அவள் கொண்டை தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு முகம், தரையிலேயே நடந்து படியேறி வருகிறவள் மாதிரி வந்து சேர்ந்தாள். மிதக்க முடியவில்லையாம், ஆகவே அடியிலேயே நடந்தாளாம். கீழே இருட்டாக இருந்தது என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கடலைக்காய் மண்டித் தராசில் ஏற்றியபோது நூற்றுப் பத்து இருந்தாள், அவளைத் தொடர்ந்து ஒவ்வொருத்தியாகத் தயங்கித் தயங்கி வந்து ஏறியதில், மாதம்மாளோடு சேர்த்து ஊரில் மாதவிலக்கு நின்று எடை கூடியவர்கள் ஏழு பேர் தேறினார்கள், கூடுகிற வேகம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

ஊர் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் நிற்க ஏழு கருங்கல் பலகை போட்டுக் கொடுத்தோம். கிணற்றுச் சுவரில் அவர்கள் சாயக்கூடாது என்று சொல்லி வைத்தோம். காற்றில் பந்தல் பறக்கிற வீட்டார் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பரிசல் துறையில் 'எட்டு ஆட்களுக்கு மேல் ஏறக்கூடாது' என்ற பலகைக்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது. 'மாதவிடாய் நின்ற மகளிர்' என்று ஆரம்பித்தார் பள்ளிக்கூட வாத்தியார்; பொம்பளைகள் கூச்சப்படுவார்கள் என்றார் பஞ்சாயத்துத் தலைவர்; அரை நாள் பேசி, கடைசியில் சிவப்புப் பெயிண்டில் 'நின்னவங்கன்னா மூணு ஆள்' என்று எழுதினார்கள். அதன் பிறகு பரிசல்காரன் மாதேசு, இருபத்தாறு வயதுப் பையன், நரை தெரிகிற ஒவ்வொருத்தியிடமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நின்னுடுச்சுங்களா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. பெற்ற தாயிடம்கூட ஆம்பளைகள் கேட்காத கேள்வி அது. மாமனாரும் கொழுந்தனும் பக்கத்தில் நிற்க அதற்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனையோ பேர் துறையிலிருந்து அப்படியே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பச்சியம்மாள் துறைப் பக்கமே வருவதில்லை. தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் மாதம் தவறாமல் மூன்று நாள் தனித்தட்டும் தனிச்சொம்புமாக வாசலில் ஒதுங்கி உட்கார்ந்தாள், நாலாம் நாள் தலைக்கு ஊற்றி ஈரக்கூந்தலைத் தெரு பார்க்க உதறினாள். அவள் புருஷன் பெரியண்ணனுக்கு அதில் ஒரு பெருமை. "எம்பொண்டாட்டிக்கு இன்னும் வயசாவல. நின்னுபோயிட்டா அப்பறம் அது என்ன பொம்பளை," என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார், நாங்களும் சிரித்துவைத்தோம்.

ஆனியில் ஒரு நாள் மழை விட்ட பிறகு, கௌசல்யாவுக்கு மருந்து கொண்டுபோன மாதம்மாள் அந்த வீட்டு வாசலில் நின்றாள். ஈர மண்ணில் பச்சியம்மாளின் காலடித் தடம் இருந்தது. தன் தடம் கணுக்கால் ஆழம் என்றால் அது அதைப் போல இரண்டு பங்கு ஆழம். பதினெட்டு வருஷம் எடை போட்ட கண், மூட்டையைப் பார்த்தாலே கிலோ சொல்லும். இந்தத் தடம் முந்நூறுக்குக் குறையாது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பெரியண்ணன் வாய் சும்மா இருக்காது, அவர் வாயை அடக்க முடியாத பச்சியம்மாள் கோபம் எல்லாம் கௌசல்யாமேல் விழும், மகள் நாளைக்குக் கைப்பிள்ளையோடு அந்த வீட்டில்தான் போய் வாழ வேண்டும். மறுநாள் அந்த வழியாகப் போனபோது யாரோ தடங்களின்மேல் சாம்பலைக் கொட்டி மூடியிருந்தார்கள்.

ஆடி பிறந்து பத்தாம் நாள், காலை பத்து மணிக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்த கௌசல்யாவுக்கு நாள் முந்தி வலி கண்டது. வலியோடு ரத்தமும் பட்டது. நர்சம்மா போனில், கரட்டைச் சுற்றி ஆம்புலன்ஸ் வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் கிடையாது, அக்கரைக்கு வண்டியை வரச் சொல்லிவிட்டேன், பரிசலில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். அணை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. ஆடிக்காற்று தண்ணீரைக் கிளறி முழங்கால் உயரத்துக்கு அலை எழுப்பியது. பரிசலில் கம்பளியை விரித்துக் கௌசல்யாவைப் படுக்க வைத்தார்கள், மாதேசு துடுப்பை எடுத்தான், துறையில் ஊரே நின்றது.

"நானும் வாரேன். எம்பேரப்புள்ள," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பச்சியம்மாள். வந்த வேகத்தில் தலை சுற்றுவதை மறந்திருந்தாள்.

மாதேசு தண்ணீரைப் பார்த்தான். "பெரிம்மா... நின்னுடுச்சுங்களா?"

பெரியண்ணன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "என்றா கேக்கற?" என்றாள் பச்சியம்மாள். "போன வாரந்தான தலைக்கு ஊத்தினேன், ஊரே பாத்துச்சு," என்று சொல்லிக் காலைத் தூக்கி வைத்தாள்.

பரிசல் இறங்கியது. ஒரு முழம் வெளியே தெரிந்த விளிம்பு ஒரு சாணுக்கு வந்தது. கூட்டத்துக்கு அதை அலை மறைத்தது. மாதேசு பார்த்தான், மாதம்மாளும் பார்த்தாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாதம்மாள் அப்போது நூற்று எழுபத்தைந்து. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தாள். விளிம்பு நாலு விரலுக்கு வந்தது, ஓர் அலை உள்ளே ஏறி மகளின் கம்பளியை நனைத்தது. கன்னியம்மாள் போல அடியில் நடந்து கரையேற முடியாது, நடு அணையில் அறுபதடி ஆழம். தான் போனால் போகட்டும். மகளும் சேர்ந்து போவாள். இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், ஊர் முன்னால், புருஷன் முன்னால், பச்சியம்மாள் என்ன ஆவாள், அதற்குப் பிறகு கௌசல்யா என்ன ஆவாள், சண்டை தீர்ந்து பரிசல் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும், ரத்தம் அதுவரை காத்திருக்குமா. மாதம்மாள் காலை வெளியே எடுத்தாள்.

"அம்மா, ஏறும்மா," என்றாள் கௌசல்யா.

"நான் நின்னவ கண்ணு. என்னைய ஏத்தினா மூணு ஆளு. காத்து வேற அடிக்குது."

"டீச்சரு மூணு, மத்தவங்க மூணு, ஆறுதான ஆச்சு? எட்டுக்குள்ளதான இருக்குது, ஏறு," என்றது கூட்டம். பலகையின்படி அந்தக் கணக்கு சரிதான்.

"எனக்குப் பயமா இருக்குது," என்றாள் மாதம்மாள். அது பொய்யில்லை. "மாதேசு, எடு."

பெற்றவள் பயந்துகொண்டு நிற்கிறாளே என்று அன்று அவள் காதுபடப் பேசினோம். நான்கூடப் பேசினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பரிசலின் விளிம்பில் இருந்தது; அது அலையில் மறையும்போதெல்லாம் மூச்சை நிறுத்தினாள், தெரியும்போதெல்லாம் விட்டாள்; இப்படி மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தவளின் கால் வண்டலில் இறங்கிக்கொண்டிருந்ததை அவளும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பரிசல் நடுவில் ஒரு தரம் கிறுகிறுவென்று சுற்றியது. மாதேசு துடுப்பைப் போட்டுவிட்டுக் குனிந்து எதையோ செய்தான், பிறகு புள்ளியாகி அக்கரையில் ஒட்டிக்கொண்டது. வெள்ளை வண்டி கிளம்பிப் போவது தெரிந்த பிறகுதான் அவள் காலை எடுக்கப் பார்த்தாள். அப்போது இடுப்புவரை மண்ணுக்குள் இருந்தாள்.

கடப்பாரை, மண்வெட்டி, மீன்கயிறு எல்லாம் கொண்டுவந்து சுற்றிலும் தோண்டினோம். பெரியண்ணன்தான் முன்னால் நின்று வெட்டினார். மத்தியானம் ஒரு மணிக்குச் சித்தையன் போன் அடித்தது. அவர் கை முழுக்கச் சேறு, ஆகவே ஸ்பீக்கரில் போட்டு மாதம்மாள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாதம்மா," என்றாள் பச்சியம்மாள். "பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

மாதம்மாள் சேற்றுக் கையைக் கூப்பி மாரியம்மனைக் கும்பிட்டாள்.

"நீ ஏன் ஏறலைன்னு எனக்குத் தெரியும். நடு அணையில தண்ணி உள்ள வந்திருச்சு. மாதேசு சொம்புல மொண்டு மொண்டு ஊத்தினான். நீயும் ஏறியிருந்தா..." அவள் நிறுத்தினாள். "எனக்கு நின்னு மூணு வருசமாச்சு மாதம்மா. இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சொல்லல. பயத்துல நான் கத்தினேன். உம்மவ அந்த வலியிலயும் எங்கையப் புடிச்சிக்கிட்டு, பயப்படாதீங்க அத்தைன்னா."

மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. நாங்கள் பெரியண்ணனைப் பார்க்காமல் இருக்க முயன்றோம். அவர் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார்.

"அவளுக்கு இப்ப எத்தனை கிலோ இருக்கும், தங்கச்சி?" என்று கேட்டார்.

"முந்நூறுக்கு மேல இருக்கும்ங்கண்ணா," என்றாள் மாதம்மாள். "மூணு வருசமா ஒத்தையாத் தூக்கியிருக்காங்க."

அவர் குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்த கையில் சேறு இருந்ததால் முகமெல்லாம் சேறாகியது.

இரண்டு மணிக்கு அவளை வெளியே எடுத்தோம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், பரிசலில் ஏறினால் ஆபத்து, கரட்டைச் சுற்றி ரோட்டில் போனால் ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர். "நான் நடந்து போறேன்," என்றாள் மாதம்மாள். இடுப்புச் சேறு காயக்கூட நிற்கவில்லை. கன்னியம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள், பிறகு மற்ற ஐந்து பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஏழு பேரும் கரட்டடி ரோட்டில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போனார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பெரியண்ணனும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தார்.

அந்த ரோட்டில் பதினோரு சின்னப் பாலம் இருக்கிறது. பழைய பாலம், அடியில் ஓடைத் தண்ணீர், எதில் எத்தனை எடை தாங்கும் என்று எந்தப் பலகையும் கிடையாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஏழு பேரும் நின்றார்கள். ஒவ்வொன்றிலும் மாதம்மாள்தான் முதலில் காலை வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் அடிக்கு ஓர் அடி நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்பி, "தாங்குது, வாங்க," என்றாள்.